சீன ரசிகர் குழுக்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழிகளே, தோழர்களே,

வணக்கம். 2020 ஜனவரி கடைசியில், சிங்கப்பூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கூடம் முழுக்க முகக்கவசப் பெட்டிகள் நிறைந்து கிடந்தன. என் அறைத்தோழி செங்டு நகரத்துப் பெண், கணக்கியல் மாணவி. ஒரு நடிகரின் வெளிநாட்டு ரசிகர் குழுவில் பணப் பொறுப்பு அவளிடம் இருந்தது. ஜனவரி 23 அன்று கொரோனாவால் வூஹான் நகரம் அடைக்கப்பட்டதும், அந்தக் குழு தங்கள் நடிகரின் பிறந்தநாள் விளம்பரத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை, கொடுத்தவர்களிடம் கேட்டுவிட்டு, அப்படியே முகக்கவசத்துக்குத் திருப்பியது. ஐந்தாறு பெண்கள் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினார்கள். எந்த மருத்துவமனைக்கு எந்தத் தரத்துக் கவசம் வேண்டும், சுங்கத்தில் யார் பேசுவது, எந்த விமானத்தில் சரக்குக்கு இடம் இருக்கிறது, எல்லாம் ஒரே எக்செல் தாளில் இருந்தது. ஒவ்வொரு ரசீதையும் படம் எடுத்து ஏற்றினார்கள். பெட்டி போய்ச் சேர்ந்ததும், மருத்துவமனை முத்திரை குத்தின ஒப்புகைச் சீட்டின் படம் கடைசிக் கட்டத்தில் வந்து உட்காரும். அப்புறம்தான் அந்த வரிசைக்குப் பச்சை நிறம் அடிப்பாள்.

அதே நாட்களில் வூஹான் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிடங்கில் நன்கொடைப் பொருட்கள் பிரிக்கப்படாமல் தேங்கிக் கிடந்தன. நோயாளிகள் நிரம்பி வழிந்த மருத்துவமனைகளோ கவசம் இல்லை என்று இணையத்தில் உதவி கேட்டுக்கொண்டிருந்தன. மக்களின் கோபம் முற்றி, பிப்ரவரி தொடக்கத்தில் ஹூபே மாகாணச் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணைத் தலைவர் ஒருவர் பதவி நீக்கப்பட்டார். பொருளை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று ரசிகைகளிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்று உங்கள் நாட்டு மக்களே அப்போது எழுதினார்கள். வூஹானில் பிறந்த நடிகர் ஜூ யீலோங்கின் ரசிகர்கள் தொடங்கி எத்தனையோ நட்சத்திரங்களின் குழுக்கள் அன்று இறங்கி வேலை செய்தன.

அந்தக் கூடத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நான் சீனத் தொடர்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறவள். உங்களைப் போன்றவர்கள் கூலி வாங்காமல் போட்ட துணைவரிகள் இல்லாவிட்டால் அவற்றில் பாதி எனக்குப் புரிந்திருக்காது. உங்களைப் பைத்தியக்காரக் கூட்டம் என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. ஆனால் சில காரியங்களை நீங்கள் நிறுத்த வேண்டும் என்றும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

தமிழ் வாசகர்களுக்காகச் சில சொற்களை இங்கே விளக்கிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரசிகருக்குச் சீனத்தில் ‘ஃபென்சி’ என்று பெயர். ஆங்கிலத்து ‘ஃபேன்ஸ்’ போல ஒலிக்கும், ஆனால் உண்மையில் அது சேமியா மாதிரி ஒரு உணவு. ரசிகர் உலகத்துக்கு ‘ஃபான்சுவான்’ என்று பெயர். எழுத்துப்படி பார்த்தால் ‘சோற்று வட்டம்’. 2005இல் ஹுனான் தொலைக்காட்சியின் சூப்பர் கேர்ள் பாட்டுப் போட்டியில் வென்ற லீ யூசுன்னின் ரசிகர்கள் தங்களுக்கு ‘யூமி’, அதாவது மக்காச்சோளம், என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மூன்றாவதாக வந்த ஜாங் லியாங்யிங்கின் ரசிகர்கள் ‘லியாங்ஃபென்’ ஆனார்கள், அது ஜெல்லி போலிருக்கும் ஒரு குளிர்ந்த தின்பண்டம். பெயர் வைப்பதிலேயே எவ்வளவு பிரியம் பாருங்கள்.

அந்த 2005 இறுதிப் போட்டியில் லீ யூசுன்னுக்கு 35 லட்சத்துக்கும் மேற்பட்ட குறுஞ்செய்தி வாக்குகள் விழுந்தன. ஒவ்வொரு செய்திக்கும் காசு. ரசிகர்கள் தெருவில் நின்று, முன்பின் தெரியாதவர்களிடம் ‘ஒரு செய்தி அனுப்புங்களேன்’ என்று கெஞ்சினார்கள். அடுத்த வருடமே அந்த மக்காச்சோளங்கள் சீனச் செஞ்சிலுவை அறக்கட்டளையின் கீழ்த் தங்கள் பெயரிலேயே ஒரு நிதியைத் தொடங்கினார்கள். ரசிகர்களாகச் சேர்ந்து வெளியுலகத்துக்கு ஒன்று செய்வது உங்களுக்குப் புதிது இல்லை. தொடக்கத்திலிருந்தே அது உங்களிடம் இருக்கிறது.

அதே தொடக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. 2005 போட்டிக்குப் பணம் போட்டது மெங்னியூ பால் நிறுவனம். தயிர் பானத்தை விற்பதற்காக. 16 வருடம் கழித்து ஐச்சியி காணொளித் தளத்தின் ‘யூத் வித் யூ’ போட்டியின் மூன்றாம் பருவத்துக்கும் பணம் போட்டது அதே மெங்னியூ. இந்த முறை பால் புட்டியின் மூடிக்கு உட்பக்கம் ஒரு குறியீடு அச்சடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்தால் ஒரு வாக்கு. குறியீடு வேண்டுமென்றால் புட்டியைத் திறந்தாக வேண்டும், திறந்த பாலை விற்க முடியாது, அத்தனையையும் குடிக்கவும் முடியாது. 2021 மே தொடக்கத்தில் வெளியான அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வரிசையாக உட்கார்ந்து, புட்டி புட்டியாகத் திறந்து, பாலைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். உணவு வீணாவதற்கு எதிரான சட்டம் உங்கள் நாட்டில் நிறைவேறி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பெய்ஜிங் வானொலி தொலைக்காட்சி அலுவலகம் நிகழ்ச்சியை நிறுத்தச் சொன்னது. இறுதிச் சுற்று நடக்கவே இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், இனி இப்படிப்பட்ட போட்டிகளே நடத்த மாட்டோம் என்று ஐச்சியி அறிவித்தது.

பாலை ஊற்றியது கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். ஊற்ற ஏற்பாடு செய்தது ரசிகர்கள். ஆனால் மூடிக்கு உள்ளே குறியீட்டை வைத்தது யார்? இந்தக் கேள்வியை உங்கள் நாட்டில் சிலர் கேட்டார்கள், எனக்கு அது சரியான கேள்வியாகப் படுகிறது. வெளியே அட்டையில் அச்சடித்திருந்தால் பால் யார் வயிற்றுக்காவது போயிருக்கும்.

என் தோழி தினமும் நடுநிசிக்குக் கைபேசியில் மணி வைத்திருப்பாள். நாள் மாறியதும் எழுந்து, வெய்போவில் (ட்விட்டர் மாதிரி ஒரு சீனத் தளம்) பதினொரு கணக்குகளில் ஒவ்வொன்றாக நுழைந்து, தன் நடிகரின் ரசிகர்கள் கூடும் ‘சூப்பர் தலைப்பு’ பக்கத்தில் வருகைப் பதிவு செய்வாள். மறுபகிர்வு, விருப்பக் குறி, பின்னூட்டம். என்ன செய்கிறாய் என்று கேட்டால் ‘டேட்டா செய்கிறேன்’ என்பாள். சமையல் செய்கிறேன் என்பது மாதிரி. இப்படி வேலை செய்கிற பெண்களுக்கு ‘டேட்டா ஆலைப் பெண்கள்’ என்றே நீங்கள் பெயர் வைத்திருக்கிறீர்கள். கசந்துபோய் வைத்த பெயர் அது. ஆலையில் கூலியாவது உண்டு.

2018 ஆகஸ்டில் பாடகர் ட்சாய் ஷூகுன்னின் பாட்டுக் காணொளி ஒன்று சில நாட்களில் 10 கோடி முறை மறுபகிரப்பட்டது. வெய்போவில் இருந்த மனிதர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைப் பகிர்ந்திருக்க வேண்டும் என்று கணக்கு வந்தபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பின்னால் இருந்தது ஒரு செயலி. காசு கட்டினால், ஒரே ஆள் எத்தனையோ சின்னக் கணக்குகளை அதில் இணைத்துத் தானாகப் பகிர வைக்கலாம். அரை வருடத்தில் ரசிகர்களிடமிருந்து சுமார் 80 லட்சம் யுவான் அதற்குப் போனது. அதை உருவாக்கியவரை நீதிமன்றம் தண்டித்தது. வெய்போ 2019 ஜனவரியிலிருந்து மறுபகிர்வு எண்ணிக்கையைப் பத்து லட்சத்துக்கு மேல் காட்டுவதை நிறுத்தியது.

2019 ஜூலையில் யாரோ ஒருவர், தைவான் பாடகர் ஜே சௌவைப் பற்றி, ‘ஜே சௌவின் டேட்டா இவ்வளவு மோசமாக இருக்கிறதே, கச்சேரிக்கு மட்டும் ஏன் டிக்கெட் கிடைப்பதில்லை?’ என்று அப்பாவியாகக் கேட்டார். வேலைக்குப் போய், பிள்ளை குட்டி வளர்த்துக்கொண்டிருந்த பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். சூப்பர் தலைப்பு என்றால் என்ன என்று இளையவர்களிடம் பாடம் கேட்டு, இரவிரவாக உட்கார்ந்து, அந்த வாரப் பட்டியலில் அவரை முதலிடத்துக்கு ஏற்றினார்கள். அந்தி நேரத்து ரசிகர் படை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பாடகருக்கு வெய்போவில் கணக்கே இல்லை! இந்தக் கதையை நான் யாரிடம் சொன்னாலும் ரசிக்கிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த வாரம் முழுக்க வெய்போவில் கூட்டம் நிரம்பியிருந்ததே, அதில் ஆதாயம் யாருக்கு? ஜே சௌவுக்கா, அந்த ரசிகர்களுக்கா, தளத்துக்கா?

வெங்காயத்தாள் மாதிரி உங்கள் ஊரில் ஒரு கீரை உண்டு. அறுக்க அறுக்க முளைக்கும். பங்குச் சந்தையில் ஏமாறுகிறவர்களுக்கும் ரசிகர்களுக்கும் அந்தக் கீரையின் பெயரைத்தான் வைத்திருக்கிறீர்கள். 2020 ஏப்ரலில் நடிகரும் பாடகருமான ஷியாவ் ஜான்னின் ஒரு பாட்டு 3 யுவானுக்கு வந்தது. ஒரே நாளில் 2 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. ஒரே பாட்டை ஒரே ஆள் பத்து முறை, நூறு முறை வாங்கினால் கேட்பதற்குக் கூடுதலாக என்ன கிடைக்கிறது? தாங்களே அறுபடுகிறோம் என்று தெரிந்தே கழுத்தைக் கொடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள். நான் உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் நட்சத்திரத்துக்கு அடுத்த படம் கிடைக்குமா என்பதையே அந்த எண்ணிக்கை தீர்மானிக்கும் என்று நிறுவனங்கள் சொல்லி வைத்திருக்கும்போது, பிரியமுள்ளவர் வேறென்ன செய்வார்?

சரி, என்னை மிகவும் வருத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

வூஹானுக்குக் கடைசிப் பெட்டி போய் இரண்டு வாரம் இருக்கும். 2020 பிப்ரவரி 27. ஷியாவ் ஜான்னைக் கதாபாத்திரமாக வைத்து ஒரு ரசிகை எழுதிய கதை அவரை இழிவுபடுத்துகிறது என்று அவருடைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் கோபம் கொண்டார்கள். கதை இருந்தது ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற தளத்தில். உலகம் முழுக்க ரசிகர்கள் தாங்களே கட்டி, தாங்களே செலவு செய்து நடத்துகிற நூலகம் அது. அதற்கு முந்தைய வருடம்தான் ஹியூகோ விருது பெற்றிருந்தது. எப்படிப் புகார் செய்வது, எந்தத் துறைக்குச் செய்வது, எந்த வாசகத்தை ஒட்டுவது என்று படிப்படியாக விளக்கும் வழிகாட்டிகள் குழுக்களில் சுற்றின. முகக்கவசத்துக்குப் போட்ட அதே மாதிரி நேர்த்தியான வழிகாட்டிகள். பிப்ரவரி 29 அன்று அந்தத் தளம் சீனாவில் திறக்கவில்லை. எத்தனையோ பேரின் எழுத்து, எத்தனையோ பேருக்கு வேறெங்கும் சொல்ல முடியாத வாழ்க்கை, ஒரே கதைக்காகக் கதவடைபட்டது.

பதிலுக்கு எழுந்த கோபமும் சின்னதில்லை. அவர் விளம்பரம் செய்த பொருட்களைப் புறக்கணித்தார்கள், அவர் நடித்த தொடர்களுக்கு வேண்டுமென்றே குறைந்த மதிப்பெண் போட்டார்கள். அவருடைய அலுவலகம் மன்னிப்புக் கேட்டது. யாரைக் காப்பாற்றக் கிளம்பினார்களோ அவரே எல்லோருக்கும் நடுவில் அடிவாங்கி நின்றார்.

என் தோழி அந்த நடிகரின் ரசிகை இல்லை. ஆர்க்கைவில் கதை படிக்கிறவள். ஊரில் இருந்த அவள் சிநேகிதிகள் இனி படிக்க முடியாது என்று தெரிந்த அன்று ராத்திரி வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவள் சொன்னதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. “எங்கள் குழுவிலும் இதைத்தானே செய்கிறோம். தினமும் காலையில் ஒரு பட்டியல் வரும், அதில் இருக்கிற கணக்குகளை எல்லாம் புகார் செய்வோம். அவர்களுடையது பெரிதாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.”

அந்தப் பட்டியல்தான் என் கவலை. எல்லாக் குழுவிலும் ஒரு ‘கறுப்பு எதிர்ப்பு’ அணி, அதாவது அவதூறை எதிர்க்கிற அணி, இருக்கிறது. நட்சத்திரத்தைத் திட்டியவர், கிண்டல் செய்தவர், நடிப்பு சுமார் என்று எழுதியவர், போட்டி நட்சத்திரத்தின் ரசிகர், எல்லோரும் ஒரே பட்டியலில் வந்து சேர்கிறார்கள். நூறு பேர் சேர்ந்து பொத்தானை அழுத்தினால் ஒரு கணக்கு மறைகிறது. வாதாட வேண்டியதில்லை, பதில் எழுத வேண்டியதில்லை. உங்களுக்குள் இருக்கும் சண்டைக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடுகிறீர்கள். கூப்பிட்டுப் பழகியும் விட்டீர்கள்.

மேலே இருப்பவரும் உங்களைத் தேவைப்பட்டபோது கொஞ்சியிருக்கிறார். 2019 ஆகஸ்டில், ஹாங்காங் போராட்ட நாட்களில், நாட்டையே ஒரு நட்சத்திரமாக்கி ‘ஆஜோங் அண்ணன்’ என்று பெயரிட்டு நீங்கள் படையெடுத்துப் பின்னூட்டம் போட்டபோது அரசு ஊடகங்கள் உங்களைப் பாராட்டின. 2020 பிப்ரவரி 17 அன்று கம்யூனிஸ்ட் இளைஞர் அணி இரண்டு கற்பனை நட்சத்திரங்களை வரைந்து, இவர்களுக்கு ரசிகர்களாகுங்கள் என்று வெளியிட்டது. அப்போது வூஹான் மருத்துவமனைகளில் பெண் செவிலியர்கள் மாதவிலக்குத் துணி கிடைக்காமல் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கற்பனைப் பெண்ணிடம் ‘உனக்கு மாதவிலக்கு வருமா?’ என்று ஒரு பெண் கேட்ட கேள்வி ஆயிரக்கணக்கில் பெருகியது. அன்றைக்கே இரண்டு நட்சத்திரங்களையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கேள்விமேல் பெரிய மரியாதை. அதைப் பெருக்கியவர்களில் உங்களில் பலரும் இருந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அப்புறம் 2021 வந்தது. ஜூலை 31 அன்று பாடகரும் நடிகருமான வூ யீஃபான் காவலில் எடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட குற்றங்களுக்காக 13 வருடச் சிறைத் தண்டனை பெற்றார். சிறையை உடைத்து மீட்போம் என்று எழுதிய ரசிகர்களும் இருந்தார்கள், அன்றைக்கே வெட்கப்பட்டு விலகியவர்களும் இருந்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று வெய்போ தன் நட்சத்திரப் பட்டியலை எடுத்துவிட்டது. ஆகஸ்ட் 27 அன்று இணையவெளி நிர்வாகம் பத்து அம்ச உத்தரவு போட்டது. தனிநபர் தரவரிசை கூடாது, சிறுவர்களிடம் பணம் வாங்கக் கூடாது, காசுக்கு வாக்கு கூடாது என்றெல்லாம் இருந்தது. நியாயமாகச் சொல்கிறேன், தரவரிசை ஒழிந்தபோது எனக்குச் சந்தோஷம். என் தோழி பல வருடங்களில் முதல் முறையாக நடுநிசி மணி இல்லாமல் தூங்கினாள்.

ஆனால் அதே உத்தரவு, ரசிகர் குழு எதுவானாலும் நட்சத்திரத்தின் நிறுவனம் அனுமதித்து அதுவே மேற்பார்வை பார்க்க வேண்டும் என்றது. தாங்களாகக் கூடி, தாங்களாகக் கணக்கு எழுதி, வூஹானுக்குப் பெட்டி அனுப்பிய குழுக்களுக்கு இதில் எங்கே இடம்? சில நாட்களில் ஒளிபரப்புத் துறையும் தன் பங்குக்கு, ஆண்கள் பெண்மைத் தோற்றத்தில் திரையில் வரக் கூடாது என்று ஒரு அவமானச் சொல்லைப் போட்டு உத்தரவிட்டது. என் தோழியின் குழு ஒருநாள் காலையில் இல்லை. உரையாடல்கள், படங்கள், ஏழு வருடத்து நட்புகள், எல்லாம் ஒரே அறிவிப்பில் போனது. அதன் வாசகம் தனக்கு நன்றாகத் தெரிந்த வாசகம்தான் என்றாள். தான் புகார் செய்த கணக்குகளுக்கும் அதே வாசகம்தான் போயிருக்கும்.

இத்தோடு எல்லாம் முடிந்ததென்றால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். தரவரிசைப் பட்டியல் போனாலும் பழக்கம் போகவில்லை, விளையாட்டு உலகத்துக்கு இடம் மாறிவிட்டது. 2024 ஆகஸ்ட் 3, பாரிஸ் ஒலிம்பிக்கில் மேசைப்பந்துப் பெண்கள் இறுதி. சென் மெங், சுன் யிங்ஷா இருவருமே சீனர்கள். தங்கம் எப்படியும் உங்கள் நாட்டுக்குத்தான். அப்படியிருந்தும் சென் மெங் புள்ளி எடுக்கும்போதெல்லாம் அரங்கில் எதிர்ப்புக் குரல் எழுந்தது. அவர் வென்றபின் இணையத்தில் வந்த வசவுகளுக்காக ஒருவரைக் காவல்துறை பிடித்தது. அதே மாதம், 100 மீட்டர் நீச்சலில் 46.40 நொடியில் உலகச் சாதனை படைத்த பான் ஜான்லே, வெய்போவில் இருந்த தன் அதிகாரபூர்வ ரசிகர் குழுவைத் தானே கலைத்துவிட்டார். அப்போது அவருக்கு வெறும் 20 வயது. இருபது வயதுப் பையன் தன்னை நேசிப்பவர்களிடமிருந்தே ஒதுங்கிக்கொள்ள நினைக்கிறான் என்றால், குழுவை நடத்துகிற நீங்கள் ஒரு ராத்திரி உட்கார்ந்து அதை யோசிக்க வேண்டாமா?

உங்கள் குழுவைக் கலைக்கச் சொல்லவில்லை. அந்தக் கூடத்தில் பெட்டி கட்டிய பெண்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்ததே ஒரு நடிகரால்தான். வேறெந்த வழியில் அவர்கள் சேர்ந்திருப்பார்கள்?

நாளைக் காலையில் புகார்ப் பட்டியல் வந்தால் அதைக் குழுவில் போடாதீர்கள். உங்கள் நட்சத்திரத்தைப் பற்றிப் பொய் சொன்னால் பொய் என்று பதில் எழுதுங்கள். மிரட்டினால், வீட்டு முகவரியை வெளியிட்டால், அது வேறு விஷயம், சட்டம் இருக்கிறது. நடிப்பு பிடிக்கவில்லை என்று எழுதினவரை, உங்களுக்குப் பிடிக்காத கதை எழுதினவரை, விட்டுவிடுங்கள். பதினாறு வயதுப் பிள்ளை சாப்பாட்டுக் காசைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். உத்தரவு இருப்பதால் மட்டும் இல்லை, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் வாங்குகிறீர்கள் என்பதால். எதற்கென்று பணம் சேர்த்தாலும் வூஹானுக்குப் போட்டது போல ஒரு கணக்குத் தாளைப் பொதுவில் வையுங்கள். பல குழுக்களில் பணத்தோடு ஆள் காணாமல் போன கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தோழி இப்போது செங்டுவில் கணக்காளராக வேலை பார்க்கிறாள். அந்த எக்செல் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு வெற்றுப் படிவத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாள்: பதினான்கு கட்டங்கள், கடைசியில் ஒப்புகைச் சீட்டுக்கான இடம். உங்கள் குழுவுக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், அன்றைக்கே அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் துணைவரிகளுக்குக் கடன்பட்ட ஒரு தமிழ்ப் பெண்